மகனிடம் சாவி கேட்க வேண்டாம்: நாகூர்ப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, லாத்தாமாரே, மாமிமாரே, கல்லூரிக்குப் போகும் தங்கச்சிகளே,

 

உங்களில் பல பேர் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னச் சக்கர சைக்கிள் கிடக்கிறது. மகனோ மகளோ நாலாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கியது. பிள்ளை வளர்ந்து பிளஸ் ஒன் சேர்ந்து, அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியையும் ஓட்டி முடித்து, இப்போது பைக்கில் போகிறது. சின்ன சைக்கிளை மட்டும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். போடாதீர்கள். கொஞ்சம் மாற்றினால் அது உங்கள் வண்டி. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

"ஸ்கூட்டி ஓடுகிற காலத்தில் சைக்கிளா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ஸ்கூட்டி வீட்டில் இருப்பதும், அது உங்களுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. சாவி மகன் சட்டைப்பையில் இருக்கும். பெட்ரோல் முடிந்திருக்கும். லைசென்ஸ் எடுக்காமல் நாள் தள்ளிப்போயிருக்கும். அவசரமாகக் கறிவேப்பிலை வேண்டும், பிள்ளையை ஓதுகிற இடத்திலிருந்து கூட்டி வர வேண்டும், மாவு மில்லில் அரைக்கப் போட்டதை எடுக்க வேண்டும் என்றால், யாராவது வீட்டுக்கு வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாகப்பட்டினம் போய் வர அது பெரிய உதவி. ஆனால் நம் தெருவிலிருந்து மீன் கடைக்குப் பேருந்து கிடையாதே. நாம் அன்றாடம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்குபவை. நடந்தால் வெயிலும் கைச்சுமையும் கொல்லும்; ஆட்டோ வைத்தால் காசு போகும். இந்த இடைவெளிக்குத்தான் சின்னச் சக்கரம்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் திரண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களிலிருந்து வந்த இளம் முஸ்லிம் பெண்கள் என எல்லோரும் அந்த இயக்கத்தில் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதுதான் வசதி என்றார்கள். குறுக்கே இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமாம். கிடைத்த வண்டியைத் தங்கள் வேலைக்குத் தக்கபடி பார்க்கிற அந்தக் கண்தான் நமக்கும் வேண்டும்.

சின்னச் சக்கரம் என்றால் பிள்ளை விளையாட்டு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் 1962இல் பெரியவர்களுக்கென்றே சின்னச் சக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் அம்மாமார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும் கடைக்கும் போகும் சைக்கிள்களில் 20 அங்குலச் சக்கரம் மிகச் சாதாரணம். காரணம் எளிது. சக்கரம் சின்னதானால் கேரியரும் கூடையும் தாழ்ந்து உட்காரும். சுமை தாழ்ந்தால் வண்டி ஆடாது. நிறுத்தியதும் கால் தரையில் ஊன்றும். கம்பிகள் குட்டையாக இருப்பதால் சக்கரம் எளிதில் கோணாது. நம் ஊருக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: தர்காவின் அலங்கார வாசலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஆடும் ஆட்டோவும் வெளியூர் ஜியாரத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் வரும்போது, நீளமான வண்டியைத் திருப்ப முடியாது. இதைத் திருப்பலாம். வீட்டுக்கு வந்தால் வாசற்படி ஏற்றி நடையில் சாத்தி வைக்கலாம்.

குறையும் உண்டு. சின்னச் சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். ஹேண்டில் சட்டென்று திரும்பும். ஒரு மிதிக்குப் போகும் தூரம் குறைவு. இந்த மூன்றையும் சரிசெய்வதுதான் மாற்றுவதில் உள்ள வேலை. இளவட்டங்கள் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்: ஸ்டிக்கர், கம்பிகளில் மின்னும் விளக்கு, வானத்தைப் பார்க்கும் ஹேண்டில். அவர்கள் கண்ணில் தொடங்குகிறார்கள். நாம் உடம்பில் தொடங்குவோம், பிறகு ஊருக்கு வருவோம், அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் சைக்கிள் மாற்றத் தக்கதா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்பினால் முட்டி இடிக்கிறதா? சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை உயர்த்தியும் இடித்தால் அது உங்களுக்கான பிரேம் இல்லை. தூக்கிக்கொடுத்துவிட்டு லேடீஸ் பிரேமில் ஒரு பழைய 20 அங்குல வண்டி தேடுங்கள். பிரேமில் பற்றவைத்த மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும், துரு தகடாக உரிந்தாலும் அது பேரீச்சம்பழத்துக்கே போகட்டும். குழந்தைகளுக்கென்று செய்த மெல்லிய பிரேமில் நீங்கள் போகலாம், ஒரு பை காய்கறி போகலாம். அதோடு இன்னொரு ஆளையும் ஏற்றாதீர்கள்.

இனி உடம்பு. சீட்டின் உயரம்தான் எல்லாவற்றுக்கும் தலை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முட்டி சற்றே மடங்கும், வலி வராது. சின்ன சைக்கிளில் இந்த உயரம் கிடைக்க நீளமான சீட் கம்பி வேண்டும். கம்பியின் தடிமனை அளந்து அதே அளவில் வாங்கச் சொல்லுங்கள். அதில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் கம்பி வளையும் அல்லது பிரேம் பிளக்கும். ஹேண்டில் கம்பிக்கும் இதே விதி. புதிதாக ஓட்டுபவர்கள் மட்டும் தொடக்கத்தில் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தைரியம் வர வர இரண்டு விரல் அளவு உயர்த்திக்கொண்டே போகலாம்.

உட்காரும் முறைக்கு க்ரூசர் வகைதான் நமக்கு ஏற்றது. அமெரிக்காவில் 1933இல் ஷ்வின் நிறுவனம் அகலமான பலூன் டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வளர்ந்ததுதான் க்ரூசர். முதுகு நிமிர்ந்திருக்கும், கை நம்மை நோக்கி வளைந்து வரும், டயர் தடியாக இருக்கும். வேகத்துக்கு ஆகாது, சொகுசுக்கு ஆகும். நிமிர்ந்து உட்கார்ந்தால் எதிரே வருவது தெரியும், முக்காடும் முந்தானையும் சரியாது, இடுப்பு நோகாது. எனவே நேர் ஹேண்டிலை எடுத்துவிட்டுப் பின்னால் வளைந்த அகல ஹேண்டிலைப் போடச் சொல்லுங்கள். கை அகலமாகப் பிடித்தால் சின்னச் சக்கரம் சட்டென்று திரும்பும் குறையும் அடங்கும். நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் எடை முழுக்கச் சீட்டில் இறங்குவதால் ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் வேண்டும். பையன்களின் ஒல்லிச் சீட் பத்து நிமிஷத்தில் உங்களை இறக்கிவிடும்.

அடுத்து டயர். பழையதைக் கழற்றும் முன் அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 அங்குலம் என்று ஒரே பெயரில் இரண்டு மூன்று அளவுகள் இருக்கின்றன. 20 × 1.75 என்ற டயர் உட்காரும் ரிம்முக்கு விட்டம் 406 மில்லிமீட்டர். 20 × 1 3/8 என்பதற்கு 451 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 406 அளவு ரிம்மாக இருந்தால் நல்லது, 1.75 அல்லது 2.125 அகலத்தில் தடி டயர் கிடைக்கும். குழியைத் தாங்குவது அந்த அகலமும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். காற்றைக் கல்லாக அடிக்க வேண்டாம். டயரிலேயே எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். சில்லடிக் கடற்கரைப் பக்கம் மணல் ஏறிய சாலையிலும் அகல டயர் புதையாமல் போகும். சீமைக்கருவேல முள் மட்டும் எதற்கும் அஞ்சாது. பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூப்புக்கும் நடுவில் வைத்துக் கொடுக்கச் சொல்லலாம். எடை கொஞ்சம் கூடும், பஞ்சர் குறையும்.

இப்போது மிதி. நம் ஊர் தட்டை. பாலத்தைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் ஆறு கியர், பதினெட்டு கியர் எதுவும் நமக்குத் தேவையில்லை. உப்பில் அவை சீக்கிரம் சிக்கிக்கொள்ளவும் செய்யும். நமக்கு மேடு என்பது காற்றுதான். பிற்பகலில் சில்லடி நோக்கிப் போனால் கடற்காற்று முகத்தில் அறையும். ஆனி, ஆடியில் தெத்திப் பக்கம் போனால் மேல்காற்று. மார்கழியில் வாஞ்சூர் நோக்கி மிதித்தால் வாடை. ஆகவே ஒரே ஒரு பல்விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 28 அங்குலப் பெரிய சைக்கிளில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் சுமார் 2.2 மீட்டர் நகரும். நம் 20 அங்குலம் சுற்றினால் சுமார் 1.57 மீட்டர்தான். சின்ன சைக்கிளில் முன்னால் 36 பல், பின் ஃப்ரீவீலில் 18 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிச்சுற்றுக்கு 3.1 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம். கால் வேகமாகச் சுற்றும், ஊர் நகராது. பின்னால் 16 பல் ஃப்ரீவீல் போட்டால் 3.5 மீட்டர், மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்னாலும் 44 பல் சக்கரம் போட்டால் 4.3 மீட்டர், மணிக்குப் பதினைந்தரை. என் பரிந்துரை: தர்காவைச் சுற்றியே வேலை என்றால் ஃப்ரீவீலை மட்டும் மாற்றுங்கள். கல்லூரிக்கோ பால்பண்ணைச்சேரிப் பக்கமோ தினம் போகிறவர்கள் முன் பல்சக்கரத்தையும் மாற்றலாம். அதற்குச் செயினில் சில கண்ணிகள் சேர்க்க வேண்டும். எதிர்காற்றில் மூச்சு வாங்கினால் முன்னால் பல்லைக் குறைத்துக்கொள்ளலாம். வேகம் நம் நோக்கம் இல்லை.

பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளத்தையும் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளில் கிராங்க் குட்டையாக இருக்கும், பெரியவர் காலுக்குப் போதாது. அதற்காகப் பெரிய சைக்கிளின் கிராங்கைப் போட்டால், தாழ்ந்த பிரேமில் திரும்பும்போது பெடல் தரையில் இடித்துத் தள்ளிவிடும். நடுத்தரமாக 6 அங்குல அளவில் போதும். பெடலை நீங்களே கழற்றிப் பார்ப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமாக முடுக்கும் பக்கம் திருப்பினால்தான் அது கழலும். இது தெரியாமல் கிராங்கின் மரையையே அழித்தவர்கள் உண்டு.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. நம் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. பளபளவென்ற இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். வெயிலில் இரண்டடியில் நிற்கும் வண்டி மழையில் நிற்காது. வசதி இருந்தால் முன்சக்கரத்துக்காவது அலுமினிய ரிம் போடுங்கள். ரிம்மில் உள்ள துளைகளின் எண்ணிக்கையும் நடுவில் இருக்கும் ஹப்பின் துளை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பின்னால் ரிம்மைத் தொடாத பேண்ட் பிரேக்கோ டிரம் பிரேக்கோ வைக்கலாம்; அவை மழையில் அவ்வளவாக ஏமாற்றாது. பையன்கள் அழகுக்காக முன் பிரேக்கைக் கழற்றிவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டும் இருக்கட்டும், இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். கை சிறியவர்கள் பிரேக் பிடியை உள்ளே தள்ளி வைக்கச் சொல்லலாம். பெரும்பாலான பிடிகளில் அதற்கென்றே சின்ன ஸ்க்ரூ இருக்கிறது.

உப்பு நம் நிரந்தர எதிரி. கடலோரத்தில் சைக்கிள் மிதித்துத் தேய்வதைவிட நின்று தேய்வது அதிகம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். வழிய விட்டால் மணல் ஒட்டி அரைக்கும். மாற்றும் வேலை நடக்கும்போதே சீட் கம்பிக்கும் ஹேண்டில் கம்பிக்கும் கிரீஸ் தடவி இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் கழித்து அவை பிரேமோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். சக்கரக் கம்பிகளை மாற்ற வேண்டி வந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கேளுங்கள். விலை கூடத்தான், திரும்பவும் மாற்ற வேண்டி வராது.

இனி நம் துணிமணி. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பின்னால் உட்காரும் பெண்ணைப் பற்றிச் சட்டம் யோசித்திருக்கிறது. சைக்கிளை முன்னால் உட்கார்ந்து ஓட்டும் பெண்ணுக்கு நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். செயின் முழுவதையும் மூடும் கவர் போடுங்கள். பாதி மூடுவது பாவாடைக்கும் பர்தாவுக்கும் போதாது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் மட்கார்டிலிருந்து அச்சு வரை வலை கட்டச் சொல்லுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. ஒயர் கூடை பின்னுகிற கை நம் தெருவில் எத்தனை! அதே ஒயரில் விசிறியாகப் பின்னி மட்கார்டின் ஓரத் துளைகளில் கட்டிவிடலாம். மட்கார்டு இரண்டு சக்கரத்துக்கும் கட்டாயம். அது இல்லாத சைக்கிளில் மழைநாளில் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. துப்பட்டாவின் நுனியைச் செருகிக்கொள்ளும் பழக்கத்தை எந்தக் கவரும் ஈடுசெய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுமைக்கு முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கேரியர். முன்கூடையில் கனமானதை வைத்தால் ஹேண்டில் இழுக்கும். பர்ஸ், கொத்தமல்லிக்கட்டு, முட்டை அளவோடு நிறுத்துங்கள். அரிசி, மாவு, தேங்காய் எல்லாம் பின்னால். ஒயர் கூடையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள், சக்கரத்தில் சிக்கினால் குப்புறத் தள்ளும். கேரியரின் பக்கத்தில் ஒரு கொக்கி பற்றவைத்துக்கொண்டால் கூடை அங்கே பத்திரமாகத் தொங்கும். ஸ்டாண்டு ஒற்றைக்கால் வேண்டாம். சுமையோடு நிறுத்த இரட்டைக்கால் ஸ்டாண்டுதான் சரி.

விளக்கு மறவாதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. டைனமோ கிடைத்தால் பேட்டரி கவலை இல்லை, மிதிக்கக் கொஞ்சம் கனக்கும். பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டரும், பெடலில் மஞ்சள் ரிப்ளெக்டரும் செலவில்லாத பாதுகாப்பு. நல்ல சத்தமான மணி ஒன்று. பூட்டுச் சங்கிலியைச் சக்கரத்தோடு பிரேமையும் சேர்த்து, முடிந்தால் ஒரு கம்பத்தோடும் கட்டுங்கள். சின்ன வண்டியைத் தூக்கிப் போவது எளிது.

தூக்க எளிது என்பது நமக்கும் பயன்படும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். மரம் விழுந்த சாலைகள், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீடுகள். அப்படிப்பட்ட நாளில், விழுந்த மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்து ஏறிப் போகக் கூடிய வண்டி இது ஒன்றுதான்.

இவ்வளவும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. காசு குறைவு என்றால் வரிசை இதுதான்: பிரேக், சீட் உயரம், செயின் கவர், டயர், ஹேண்டில், பிறகு ஃப்ரீவீல். மற்றவை மெல்ல வரட்டும். கடைக்குப் போகும்போது "ஓவராயில் பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நின்று, உட்கார்ந்து காட்டி, எது எட்டவில்லை என்று சொல்லுங்கள். சைக்கிள் கடை நானாவுக்குக் கைப்பக்குவம் உண்டு. உங்கள் முட்டி எங்கே இடிக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே தொடங்கிய மாநிலம் இது; சின்ன ஊர்களில்கூட சைக்கிள் சாமான் கிடைக்கும். இல்லாததை வரவழைத்துக் கொடுப்பார்கள்.

ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். வயது ஒரு தடை இல்லை. இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, உட்கார்ந்தபடி காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போய்ப் பழகுங்கள். நிதானம் வந்த பிறகு பெடலை மாட்டுங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி, பாதியில் கையை விடுகிற பழைய முறையைவிட இதில் விழுவது குறைவு. சக்கரம் சின்னதாக இருப்பதால் பயமும் குறைவு. அதிகாலைத் தொழுகை முடிந்து கடை திறப்பதற்குள் இருக்கும் நேரம் நம் தெருக்களில் மிக அமைதியானது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் புதிதாகக் கற்ற பெண்களே மற்றவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். இங்கேயும் அப்படியே நடக்கலாம்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்கால் போகும் பெரிய சாலையில் பஸ்ஸும் லாரியும் போகிற வேகத்துக்கு இந்த வண்டி ஆகாது. ஓரமாகப் போய்க் கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் கடந்துவிடுங்கள். கந்தூரியின் 14 நாளும், அதிலும் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் இரவில், அலங்கார வாசல் பக்கம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை.

கடைசியாக, அழகு. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு உங்களுக்குப் பிடித்த நிறத்தில் பெயின்ட் அடியுங்கள். துரு சுரண்டி, பிரைமர் பூசி, அதன் மேல் அடித்தால் உப்புக்கும் அது கவசம். மகன் ஒட்டிய சூப்பர் ஹீரோ ஸ்டிக்கரை முதலில் கிழியுங்கள். இனி வண்டி உங்களுடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

"இந்த வயசில் இவளுக்கு என்ன சைக்கிள்?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஒருத்தி மட்டும் போனால்தான் அது பேச்சு. ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் போனால் வழக்கமாகிவிடும். அதனால் உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஐப்பசி அடைமழைக்கு முன்னால், உங்கள் தெருவில் சைக்கிள் சும்மா கிடக்கும் வீடுகளைக் கேட்டு வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒரே கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பிரேக்கும் செயின் கவரும் முதலில் போடச் சொல்லுங்கள். ஓட்டத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுங்கள். மகனிடம் சாவி கேட்டு நிற்பதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி
நாகூர்